ஏரியின் இரு கரைகளுக்கு நடுவில் என் மேசை

1

இன்று 1976 ஐப்பசி, அதாவது ஒக்ரோபர், 4, திங்கட்கிழமை. நான் ஜேர்மனிக்கு வந்து இன்றோடு பன்னிரண்டு வருடம். வந்து இறங்கிய 1964 ஐப்பசி 4 ஒரு ஞாயிற்றுக்கிழமை. கடைகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. கப்பலில் வாங்கி மிஞ்சிய பிஸ்கட்டோடு முதல் நாள் கழிந்தது என்று நாட்குறிப்பில் இருக்கிறது. வீட்டில் இந்தத் திகதியை என்னைத் தவிர ஒருவரும் நினைவில் வைப்பதில்லை. காலையில் மனைவி யோகத்திடம் சொன்னேன்.

"பன்னிரண்டு முடிஞ்சுதோ? சரி, குடையைக் கொண்டு போங்கோ, மழை வரும்போல கிடக்கு" என்றாள்.

எங்கள் வீடு ஹம் நகரத்தில். வேலை, ரயிலில் ஐம்பது நிமிடத் தூரத்தில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில். வெளிநாடுகளின் சமூக வாழ்க்கையை ஆராயும் பிரிவு ஒன்று அங்கே உண்டு. அதற்குத் தனியாக ஒரு நூலகம். அந்த நூலகத்தின் பரிமாற்று மேசை என் பொறுப்பு. பரிமாற்று என்றால் காசு கைமாறாது. எங்கள் பிரிவு வெளியிடும் அறிக்கை ஒன்றை நாங்கள் நைரோபிக்கோ இபாடானுக்கோ அனுப்புவோம். பதிலுக்கு அவர்கள் தங்களுடைய அறிக்கை ஒன்றை அனுப்புவார்கள். அந்நியச் செலாவணி இல்லாத நாடுகளுக்கு இதைவிட வேறு வழியில்லை. வரும் ஒவ்வொன்றின் முதல் பக்கத்திலும், வலப்பக்க மேல் மூலையில், வந்த திகதியை முத்திரை குத்த வேண்டும். பிறகு அதன் விபரத்தை ஓர் அட்டையில் எழுதிப் பெட்டியில் வைத்துவிட்டு, அதை அலுமாரிக்கு அனுப்ப வேண்டும். இந்த மேசையில் பத்து வருடமாக இதுதான் என் தொழில்.

இன்று காலைத் தபால் தட்டில் லண்டனிலிருந்து இரண்டும் பாரிஸிலிருந்து ஒன்றும் இருந்தன. ஆபிரிக்காவிலிருந்து ஒன்றும் இல்லை. சென்ற கிழமையும் இல்லை. மூன்று வருடத்துக்கு முன் திங்கட்கிழமை என்றால் அந்தத் தட்டு கொள்ளாது. மண்ணிறத் தாளில் சுற்றி, கற்றாழை நார்க் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் கட்டிய பொதிகள் வரும். கயிற்றை அவிழ்த்தால், பிரதியெடுக்கும் றோனியோ இயந்திரத்தின் மை மணம் எழும்பும். இந்த நாட்டில் அந்த மணம் வேறு எங்கும் எனக்குக் கிடைத்ததில்லை. ஒவ்வொரு பொதியையும் அவிழ்த்து, ஒரு நிமிடம் சும்மா இருந்துவிட்டுத்தான் முத்திரையை எடுப்பேன்.

அந்தப் பொதிகள் ஏன் நின்றன என்பதை ஊர் வாசகர்களுக்கு ஒழுங்காக எழுதி வைக்க விரும்புகிறேன். அதில் என்னுடைய பிழை ஒன்றும் இருக்கிறது.

2

றோனியோ மையின் மணம் எனக்கு ஏன் அவ்வளவு பெரிது என்று முதலில் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணப் பட்டினத்தில் கூட்டுறவுச் சங்கங்களின் சமாசம் ஒன்றில் நான் எழுதுவினைஞனாக இருந்தேன். மாடியில் கந்தோர். கீழே தேத்தண்ணிக் கடை. சங்கங்களின் ஆண்டறிக்கைகளை மெழுகுத் தாளில் தட்டச்சு செய்து, கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிப் பிரதி எடுப்பது என் வேலை. நாலு மணிக்குக் கை முழுக்க மையோடு கீழே இறங்குவேன். அன்றைய பத்திரிகையை வைத்து அங்கே நடக்கும் சண்டையில் நானும் ஒரு கட்சி. இங்கே பன்னிரண்டு வருடமாக எனக்கு நல்ல சம்பளம், நல்ல வீடு, காய்ச்சலுக்கு நல்ல வைத்தியர் எல்லாம் கிடைத்திருக்கின்றன. நாலு மணிக்கு என்னோடு சண்டை பிடிக்க ஒருவர் கிடைக்கவில்லை.

1960 ஆனி மாதம் ஜேர்மன் ஆய்வாளர் ஒருவர் எங்கள் சமாசத்துக்கு வந்தார். புகையிலைச் செய்கைக்காரர் சங்கங்களில் எப்படிக் கடன் எடுக்கிறார்கள், எப்படி விற்கிறார்கள் என்பது அவருடைய ஆராய்ச்சி. ஐந்து மாதம் நான் அவரோடு சைக்கிளில் திரிந்தேன். கேள்விகளைத் தமிழில் கேட்டு, பதில்களை ஆங்கிலத்தில் நான்தான் படிவங்களில் நிரப்பினேன். தோட்டத்தில் நின்ற ஒருவர் என்னைப் பார்த்துக் கேட்டார்:

"தம்பி, இவ்வளத்தையும் எழுதிக்கொண்டு போய் என்ன செய்யப் போறியள்?"

புத்தகமாக வரும் என்றேன். அப்படியென்றால் எங்களுக்கும் ஒன்று தாருங்கோ என்று சொல்லிவிட்டு அவர் தண்ணீர் இறைக்கத் துலாவுக்குப் போய்விட்டார்.

1963இல் புத்தகம் வந்தது, ஜேர்மன் மொழியில். அடுத்த வருடம் அந்த ஆய்வாளரின் சிபாரிசில் எனக்கு இந்த நூலகத்தில் வேலை கிடைத்தது. புத்தகம் இன்றும் எங்கள் மூன்றாம் அலுமாரியில் நிற்கிறது. முன்னுரையில், உதவி செய்த உள்ளூர் மொழிபெயர்ப்பாளர் ஒருவருக்கு நன்றி சொல்லியிருக்கிறார். எனக்குத் தெரிந்தவரை யாழ்ப்பாணத்துக்கு ஒரு பிரதியும் போகவில்லை. போயிருந்தாலும் வாசிக்க ஆள் இல்லை.

இந்த மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. வந்த புதிதில் வேலை முடிந்து புறப்படும்போது, ஊர்ப் பழக்கத்தில் "வாறன்" என்பதை அப்படியே ஜேர்மனில் சொல்லிவிட்டுப் போனேன். நூலகத் தலைவி லிண்டமான் அம்மையார் நான் திரும்பி வருவேன் என்று கதவைப் பூட்டாமல் அரை மணி நேரம் காத்திருந்தார். மறுநாள் அவர் கோபிக்கவில்லை. "நீங்கள் வரவில்லையே" என்று மட்டும் கேட்டார்.

3

1972 புரட்டாதியில் ஆச்செங் என்ற பெண் கலாநிதிப் பட்டத்துக்காக எங்கள் பிரிவுக்கு வந்தாள். கென்யாவில் விக்டோரியா ஏரிக்கரையில் உள்ள கிசுமு அவளுடைய ஊர். வயது முப்பது இருக்கும். வெயிலேறிய நேரத்தில் பிறந்த பெண்ணுக்கு வைக்கும் பெயராம் அது. பிறந்த நேரத்தைப் பெயரிலேயே வைத்திருக்கும் ஒருவரைச் சந்தித்ததில் எனக்குத் தனி மகிழ்ச்சி. என்னை அவள் நாதன் என்று கூப்பிடுவாள். நான் எதைக் கேட்டாலும் திகதியோடு பதில் சொல்வதைக் கண்டுபிடித்த பிறகு "திகதி மந்திரி" என்றும் கூப்பிடுவாள். நாங்கள் ஆங்கிலத்தில் பேசியதைத்தான் இங்கே தமிழில் தருகிறேன்.

வந்த இரண்டாம் நாளே அவள் என் அட்டைப் பெட்டிகளைத் திறந்து பார்த்தாள். தன் நாட்டில் எழுதிய, தான் கேள்விப்பட்டேயிராத அறிக்கைகளின் பெயர்கள் அதற்குள் வரிசையாக இருந்தன. தான்சானியாவில், சாம்பியாவில், கானாவில் எழுதியவையும் இருந்தன. அந்த அறிக்கைகளை அலுமாரியிலிருந்து எடுத்து மேசையில் அடுக்கி வைத்துவிட்டு, "என் வீட்டுக்கு வந்த கடிதத்தை வாசிக்க நான் உங்கள் வீட்டுக்கு வரவேண்டியிருக்கிறதே" என்றாள்.

எனக்கு அன்றுதான் அது உறைத்தது. கிசுமுவில் எழுதியது என் மேசைக்கு வந்தது. தான்சானியாவில் எழுதியதும் என் மேசைக்கு வந்தது. கிசுமுவிலிருந்து தான்சானியாவுக்கு நேரே ஒன்றும் போகவில்லை. அக்கராவிலிருந்து டாக்காருக்குத் தொலைபேசியில் பேசவும் லண்டனையும் பாரிஸையும் சுற்றித்தான் பேச வேண்டும் என்று அவள் சொன்னாள்.

1973 மார்கழியில் அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. ஆபிரிக்காவின் பல நாடுகளிலிருந்தும் சமூகவியல் ஆய்வாளர்கள் சேர்ந்து, பிராந்தியம் பிராந்தியமாகத் தங்களுக்குள் ஒரு வலையமைப்பை உண்டாக்கத் தொடங்கியிருந்தார்கள். ஒரே விடயத்தை ஆராய்பவர்கள் ஒரு குழுவாகச் சேர்வது, எழுதியவற்றை ஒருவருக்கொருவர் நேரே அனுப்புவது, அயல் நாட்டில் போய் ஆராய ஒரு சிறு உதவித்தொகை கொடுப்பது என்பவை அவர்களுடைய திட்டம். ஆனால் யார் எதை எழுதியிருக்கிறார்கள் என்ற பட்டியல் ஒருவரிடமும் இல்லை. ஆச்செங் என்னிடம் வந்தாள்.

லிண்டமான் அம்மையார் இதற்கு ஒரு அன்ட்ராக், அதாவது முறையான விண்ணப்பம், வேண்டும் என்றார். கொடுத்தோம். "தாங்கள் எழுதியது என்ன என்று அவர்கள் ஏன் எங்களிடம் கேட்கிறார்கள்?" என்று ஆச்செங்கிடம் அவர் கேட்டது உண்மையான ஆச்சரியத்தில்தான். ஆச்செங் சிரித்தாள். விண்ணப்பம் பத்து நாளில் கையெழுத்தாகித் திரும்பி வந்தது.

வேலை நேரத்துக்குப் பிறகு ஐந்து கிழமை இருந்து அந்தப் பட்டியலைத் தட்டச்சு செய்தேன். பெரும்பாலான றோனியோ அறிக்கைகளில் எழுதிய திகதி இருக்காது. மெழுகுத் தாளை முன்கூட்டியே தட்டி வைத்துவிடுவார்கள், வெளிவரும் நாளைப் பிறகு கையால் எழுதலாம் என்று இடம் விட்டிருப்பார்கள், ஒருவரும் எழுதுவதில்லை. யாழ்ப்பாணத்தில் நானே அப்படித்தான் செய்தேன். ஆகவே நிச்சயமாகத் தெரிந்த ஒரே திகதியை வைத்து, என் முத்திரையின் வரிசையில், எல்லாவற்றையும் அடுக்கினேன். பக்கத்தின் இடது ஓரத்தில் ஆண்டு, மாதம், நாள். 1974 மாசி 12, செவ்வாய்க்கிழமை, கடைசிப் பக்கம் முடிந்தது. என் வாழ்க்கையில் நான் செய்த மிக ஒழுங்கான வேலை அது என்று அன்றைக்கு எழுதியிருக்கிறேன்.

4

1974 ஆனி மாதம் ஒரு பின்னேரம் ஆச்செங் என் மேசைக்கு வந்தாள். உட்காரவில்லை. பட்டியலின் ஒரு பிரதியையும் ஒரு கடிதத்தையும் முன்னால் வைத்தாள்.

"நாதன், ஏரிக்கரையில் மீன் விற்கும் பெண்களைப் பற்றிய என் அறிக்கை உங்களுக்கு எப்போது கிடைத்தது?"

"1971 கார்த்திகை. முத்திரை இருக்கிறது."

"நான் அதை எழுதியது 1967இல். 1971இல் நான் கிசுமுவிலேயே இல்லை."

கடிதத்தை வாசித்தேன். வலையமைப்பில் அந்த ஏரியின் மீன் வியாபாரத்தை ஆராய ஒரு குழு அமைத்திருந்தார்கள். அதை நடத்த ஆச்செங்கைக் கேட்பதாக இருந்தது. அதற்கான உதவித்தொகையோடு அவள் படிப்பை முடித்து ஊருக்குத் திரும்பலாம். அது இல்லாவிட்டால் இங்கேயே ஒரு பேராசிரியருக்கு உதவியாளராக இருக்க வேண்டியதுதான். அந்த இடம் அவளுக்காகத் தயாராக இருந்தது. இப்போது குழுவினர் எழுதியிருந்தது வேறு. ஏரியின் தென்கரையில் முவான்சாவில் இருக்கும் தான்சானியர் ஒருவர் இதே பெண்களைப் பற்றி இதே கேள்விகளோடு ஓர் அறிக்கை எழுதியிருக்கிறார். பட்டியலின்படி அவருடையது 1969. ஆச்செங்குடையது 1971. கேள்விகள் பல ஒன்றாகவே இருக்கின்றன. ஆண்டு முடிவதற்குள் அவளுடைய விளக்கம் வேண்டும்.

கடிதம் மிக மரியாதையாக எழுதப்பட்டிருந்தது. களவு என்ற சொல் அதில் இல்லை.

நான் எழுந்து அலுமாரிக்குப் போய் இரண்டையும் எடுத்தேன். தான்சானியரின் அறிக்கை விமானத் தபாலில் தனியாக வந்தது. அது எனக்கு நினைவிருந்தது. ஆச்செங்குடையதைக் கையில் எடுத்ததும் மற்றதும் நினைவுக்கு வந்துவிட்டது. எங்கள் நூலகம் ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்கு மாறியபோது, கப்பலில் வந்திருந்த சில பெட்டிகள் நிலவறையில் போய்விட்டன. 1971 கார்த்திகையில் அவை கண்டுபிடிக்கப்பட்டன. ஆணியைக் கழற்றித் திறந்தவன் நான். அவை எப்போது வந்து சேர்ந்தன என்று நான் யாரையும் கேட்கவில்லை. திறந்த நாளின் திகதியை ஒவ்வொன்றிலும் குத்தினேன். அதே பெட்டியில் வந்த பதினேழு அறிக்கைகளுக்கும் என் பட்டியலில் ஒரே திகதி.

இதை அவளிடம் சொன்னேன். அவள் சிறிது நேரம் பட்டியலின் இடது ஓரத்தை விரலால் மேலிருந்து கீழாகத் தடவிக்கொண்டிருந்தாள்.

"உங்கள் பட்டியலின்படி, எங்களிடத்தில் ஒரு காரியம் நடப்பது அது இந்த மேசைக்கு வரும் நாளில்தான்" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "நீங்கள்கூட அப்படித்தான் நினைத்தீர்கள், நாதன். இந்த நாட்டவர்கள் நினைத்தால் எனக்கு விளங்கும்."

அவளிடம் இருந்த பிரதியிலும் திகதி இல்லை. கிசுமுவில் அவள் வேலை செய்த கள அலுவலகம் மூடப்பட்டுவிட்டது. என் நாட்குறிப்பில் அன்றைய திகதி மட்டும் இருக்கிறது, கீழே ஒன்றும் இல்லை. பன்னிரண்டு வருடத்தில் எழுதாத பக்கங்கள் மொத்தம் ஏழு. அதில் அது ஒன்று.

5

மறுநாள் காலையே லிண்டமான் அம்மையாரிடம் போய், முத்திரை பிழை, அதைத் திருத்த வேண்டும் என்றேன். இதற்கு ஒரு டெர்மின், அதாவது சந்திக்க முன்கூட்டியே குறித்த நேரம், எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றார். இரண்டு நாள் கழித்து, குறித்த நேரத்துக்கு, இரண்டு கதவு தள்ளியிருந்த அதே அறைக்குப் போனேன். முத்திரையை யாரும் திருத்தக்கூடாது, அது நூலகத்தின் சாட்சியம் என்றார். வேறு சாட்சியம் கிடைத்தால் ஒரு குறிப்பை ஒட்டலாம் என்றார். யாரிடமிருந்து கிடைக்கும் என்று கேட்டேன். "இதே அறிக்கை வேறு யாருக்குப் போயிருக்கும்?" என்று திருப்பிக் கேட்டார். இந்தக் கேள்வி எனக்கு அல்லவா முதலில் வந்திருக்க வேண்டும்.

ஆச்செங்குக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. அலுவலகத்தில் இருந்தவர்கள் ஊர் ஊராகச் சில பிரதிகளைக் கொடுத்துவிட்டார்கள் என்று மட்டும் சொன்னாள். ஆகவே என் பரிமாற்றுப் பட்டியலில் இருந்த ஆபிரிக்க நூலகங்கள் எல்லாவற்றுக்கும் எழுதுவது என்று தீர்மானித்தேன். தனிக் கடிதம் எழுத இன்னொரு விண்ணப்பம் வேண்டும். எங்களிடம் ஏற்கெனவே ஒரு படிவம் உண்டு: அனுப்பிய இதழோ வரவேண்டிய இதழோ தபாலில் தவறினால் அனுப்பும் முறைப்பாட்டுப் படிவம். "இந்த வெளியீடு உங்களிடம் வந்து சேர்ந்த திகதியைத் தயவுசெய்து குறிப்பிடுங்கள்" என்ற வரி அதில் அச்சிலேயே இருந்தது. இருபத்திரண்டு படிவங்களை நிரப்பி 1974 ஆடி முதற்கிழமையில் விமானத் தபாலில் போட்டேன். தபால் செலவைப் பார்த்தும் லிண்டமான் அம்மையார் கையெழுத்து வைத்தார்.

ஆவணியில் மூன்று பதில்கள் வந்தன. ஒன்று, அப்படி ஒரு வெளியீடு தங்களிடம் இல்லை என்றது. இன்னொன்று, எங்கள் முறைப்பாட்டுக்கு வருந்துவதாகச் சொல்லித் தங்கள் நூலகத்தின் ஆண்டறிக்கையை அனுப்பியிருந்தது. மூன்றாவது, எங்களிடமிருந்து தங்களுக்கு வராத நாலு இதழ்களைக் கேட்டது. ஆச்செங் தினமும் பத்து மணிக்கு வந்து தட்டைப் பார்ப்பாள். என்னோடு முன்போலவே மரியாதையாகப் பேசுவாள். திகதி மந்திரி என்று மட்டும் கூப்பிடுவதில்லை.

அந்த நாட்களில் வீட்டில் நடந்ததையும் இங்கே சேர்க்க வேண்டும். என் மகள் சுமதிக்கு அப்போது எட்டு வயது. யாழ்ப்பாணத்தில் இருக்கும் அவளுடைய மச்சாள் ரஞ்சினியும் அவளும் கடிதத்தில் சிநேகிதிகள். ரஞ்சினி தமிழில் எழுதுவாள். நான் வாசித்து ஜேர்மனில் சொல்வேன். சுமதி ஜேர்மனில் சொல்லும் பதிலை நான் தமிழில் எழுதி அனுப்புவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பதில் எழுதக் கூப்பிட்டபோது அவள் வரவில்லை.

"அப்பா, நீங்களே எழுதி விடுங்கோ" என்று ஜேர்மனில் சொன்னாள். "எல்லாம் உங்கட கதை மாதிரித்தானே வருது."

யோகம் அவளை அதட்டினாள்.  அந்தச் சின்னப் பெண்கள் இரண்டு வருடமாகப் பேசிக்கொண்டதில் எது அவர்கள் சொன்னது, எது நான் சேர்த்தது என்று யோசித்துப் பார்த்தேன். ரஞ்சினியின் கடிதங்களில் இருந்த எழுத்துப் பிழைகள், கோபங்கள், யார் யாரோடு கதைப்பதில்லை என்ற செய்திகள் எல்லாவற்றையும் நான் வாசிக்கும்போதே சீர்படுத்தியிருந்தேன். சுமதி இப்போது ரஞ்சினிக்கு எழுதுவதில்லை. ரஞ்சினியும் நிறுத்திவிட்டாள்.

புரட்டாதி முழுவதும் ஒன்றும் வரவில்லை. ஐப்பசி நடுவில் சாம்பியாவின் லுசாக்காவிலிருந்து ஒரு நீளமான உறை வந்தது. அதில் எங்கள் படிவம் இல்லை. அங்கே ஒரு நூலகத்தில் வரவுப் பதிவேட்டை வைத்திருக்கும் பண்டா என்பவர், படிவத்தில் இடம் போதவில்லை என்பதால் தனித் தாளில் எழுதுவதாகச் சொல்லியிருந்தார். பதிவேட்டின் அந்தப் பக்கம் முழுவதையும் கையால் பிரதி செய்து, நூலகரின் கையெழுத்தும் வாங்கியிருந்தார். அந்த அறிக்கை அவர்களிடம் வந்தது 1968 வைகாசியில். எப்படி வந்தது என்ற நிரலில், கிசுமுவிலிருந்து பஸ்ஸில் வந்த ஆசிரியர் ஒருவர் கையில் கொடுத்தது என்று இருந்தது. யாருக்கு இரவல் கொடுத்தார்கள் என்ற நிரலில் ஆறு பெயர்கள். தான்சானியரின் பெயர் அதில் இல்லை.

எங்கள் பெட்டி நிலவறையில் கிடந்த காலத்தில், அதே அறிக்கையை ஆறு பேர் வாசித்துத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த நிரலை நான் பல தரம் வாசித்தேன்.

ஆச்செங் பத்து மணிக்கு வந்தாள். தாளை அவளிடம் கொடுத்தேன். நின்றபடியே வாசித்தாள். பிறகு பல மாதங்களுக்குப் பின் முதல் தரமாக என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

"அந்த ஆசிரியரை எனக்குத் தெரியும்" என்றாள். "என் அண்ணனின் கூட்டாளி. பஸ்ஸில் மூன்று நாள் போயிருப்பார். வழியில் வாசிக்க ஒன்றும் இல்லாமல் இதைக் கொண்டு போயிருப்பார்." சொல்லி முடித்து வெகுநேரம் சிரித்தாள். கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

வீட்டில் யோகத்திடம் சொன்னபோது, "பண்டாவோ? சிங்கள ஆளே?" என்று கேட்டாள்.

"இல்லையப்பா, சாம்பியாக்காரர்."

"மூண்டு மாதத்தில பதில் போட்டிட்டாரே. பாஸ்போட்டுக்கு நீங்கள் கொழும்புக்குப் போட்ட கடிதம் ரெண்டு வருசமா எங்க கிடக்குதோ."

6

பதிவேட்டின் பிரதி குழுவுக்குப் போனது. பெட்டியையும் முத்திரையையும் பற்றி நானும் ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்து வைத்தேன். தான்சானியரிடமிருந்து ஆச்செங்குக்கு நேரே ஒரு கடிதம் வந்தது. அவளுடைய அறிக்கையைத் தான் கண்ணால் கண்டதேயில்லை என்று எழுதியிருந்தார். நம்பினோம். காண்பதற்கு அவருக்கு வழி இருக்கவில்லை. இருவரும் ஒரே ஏரியின் இரண்டு கரைகளில் இருந்துகொண்டு, கூடையோடு போகும் பெண்களை மறித்து ஒரே கேள்விகளைக் கேட்டிருக்கிறார்கள். நடுவில் கப்பல் ஓடுகிறது. அவர்களுடைய தாள்கள் மட்டும் சந்தித்துக்கொண்டது இங்கே, என் அலுமாரியின் இரண்டு தட்டுகளில். குழுவை இருவரும் சேர்ந்து நடத்துவது என்று முடிவாகியது.

1975 பங்குனியில் ஆச்செங் பட்டம் பெற்று ஊருக்குப் புறப்பட்டாள். விமான நிலையம் போகும் வழியில் ஹம் ரயில் நிலையத்தில் வண்டி மாற வேண்டியிருந்தது. யோகம் சோற்றுப் பொதி கட்டித் தந்தாள். நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். வண்டி வர எட்டு நிமிடம் இருந்தது.

"நீங்கள் எப்போது போகப் போகிறீர்கள், திகதி மந்திரி?" என்று கேட்டாள்.

என்னிடம் எல்லாவற்றுக்கும் ஒரு திகதி உண்டு. அதற்கு இல்லை. சுமதியின் படிப்பு, வீட்டு ஒப்பந்தம், ஓய்வூதியம் என்று ஏதோ சொல்லத் தொடங்கினேன். அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். தான் திரும்பிப் போக முடிந்தது தனக்காக அங்கே ஒரு வேலையை உண்டாக்கப் பலர் வருடக்கணக்கில் கடிதம் எழுதியதால்தான் என்றாள். பிறகு வண்டி வந்துவிட்டது.

அந்த வருடக் கடைசியில் வலையமைப்பின் புதிய பட்டியல் அச்சில் வந்தது. எழுதிய இடத்தின்படியும், எழுதியவரையே கேட்டு அறிந்த திகதியின்படியும் அடுக்கியிருந்தார்கள். என் பட்டியலைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. இருக்கவும் கூடாது. அதன்பிறகு தட்டில் பொதிகள் குறையத் தொடங்கின. கிசுமுவிலிருந்து முவான்சாவுக்குக் கப்பலில் போகிறது. லுசாக்காவுக்கு இப்போதும் பஸ்ஸில்தான் போகிறதோ தெரியவில்லை. எங்களுக்கும் வருகிறது, எல்லோருக்கும் போன பிறகு, ஆறு மாதம் கழித்து, ஒன்றிரண்டு. வரும் தை மாதம் முதல் என்னை இதழ்கள் பிரிவுக்கு மாற்றுவது பற்றி லிண்டமான் அம்மையார் மெதுவாகப் பேச்செடுத்தார். சரி என்றேன்.

சென்ற புதன்கிழமை பண்டாவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. நாங்கள் இருவரும் இடைக்கிடை எழுதிக்கொள்கிறோம். அவருடைய நாட்டில் கூட்டுறவுச் சங்கங்களைப் பற்றி ஆராய ஒரு குழு தொடங்கியிருக்கிறதாம். நீங்கள் இலங்கையில் கூட்டுறவில் வேலை செய்தவர் என்று ஆச்செங் சொன்னார், அங்கே சங்கத்தார் தாங்களே எழுதியது ஏதாவது இருந்தால் பார்க்க வேண்டும், எங்களிடம் உங்கள் நாட்டிலிருந்து ஒன்றுமே இல்லை என்று எழுதியிருந்தார். நான் அட்டைப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். இலங்கை, கூட்டுறவு என்ற தலைப்பில் எங்களிடமும் ஒரே ஒரு அட்டைதான். 1963 ஆம் ஆண்டின் அந்த ஜேர்மன் புத்தகம்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. சமாசத்தில் என்னோடு வேலை செய்து இப்போது அதே கந்தோரில் முகாமையாளராக இருக்கும் சோமண்ணைக்குக் கடிதம் எழுதினேன். மாடியில் பின்பக்க அலுமாரியில் பழைய ஆண்டறிக்கைகள், புகையிலைச் சங்கங்கள் தாங்களே எடுத்த கணிப்புகள், மகாநாட்டுக் கட்டுரைகள் எல்லாம் கறையான் தின்னாமல் இருந்தால் ஒவ்வொரு பிரதி எடுத்து அனுப்பும்படி கேட்டேன். ஒவ்வொன்றும் எப்போது எழுதப்பட்டது என்று தெரிந்தவர்களைக் கேட்டுக் கையால் எழுதிவிடும்படியும் சொன்னேன். அடியில் லுசாக்காவின் முகவரியை இரண்டு தரம் எழுதினேன்.

யோகம் கடிதத்தை எடுத்து வாசித்தாள்.

"எங்களுக்கு ஒண்டும் கேக்கேல்லையே நீங்கள்?"

"இல்லை."

"நீங்கள் தட்டின அறிக்கையளும் அதுக்குள்ள இருக்கும். பாக்க ஆசையில்லையோ?"

"இருக்கு" என்றேன். "இங்க வந்தால் இங்கயே நிண்டிடும்."

 அவள் கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்து, நாக்கால் நனைத்து ஒட்டினாள்.

இன்று காலை ரயிலுக்குப் போகும் வழியில் அதைத் தபாற்பெட்டியில் போட்டேன். யாழ்ப்பாணம் போய்ச் சேர ஒன்பது நாள் எடுக்கும். சோமண்ணை அலுமாரியைத் திறக்க இரண்டு மாதம் என்று வைத்துக்கொள்வோம். அனுப்பினால், அந்தப் பொதி கொழும்பில் கப்பலேறி இந்து சமுத்திரத்தைக் கடந்து நேரே ஆபிரிக்காவுக்குப் போய்விடும். எனக்கு வராது.